மின்னோட்டமும் முடங்கிய கையும்



மட்டக்களப்பு என்றவுடன் வாவியில் பாடும் மீன்களே பலர்க்கும் நினைவு வரும். நிலாக்கால இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் முனையில் காதை வைத்து அவ்விசையைக் கேட்பது நம்மவர் வழக்கம். பாடும் மீனை நாமறிவோம். வைத்திய வரலாற்றில் இடம்பெற்ற மீனும் ஒன்றுண்டு. மின்திருக்கை என்பது அதன் பெயர். தொட்டவர் கையை மரத்துப்போகச் செய்யும் அம்மீனை, தீராத தலைவலி உடையோரின் தலையில் உயிருடன் வைக்கலாம் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் எழுதிவைத்தார்.

பாரிசவாதத்தால் முடங்கிய கையை மின்னோட்டத்தின் துணைகொண்டு மீட்கலாமா என இன்றைய வைத்திய உலகம் ஆராய்கின்றது. அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இத்தகைய நீண்ட வரலாறு இருக்கின்றது.

1791இல் இத்தாலியரான கல்வானி, மின்சாரத்தால் தவளையின் கால் துடிப்பதை விளக்கி நூலொன்று வெளியிட்டார். 1870இல் பெர்லின் நகரில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர், நாயொன்றின் மூளைப்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். உடலின் மறுபக்கத்துக் கால் அசைந்தது. உறுப்புகளை இயக்கும் பகுதி மூளையில் தனியே உண்டென்பது அதனால் உறுதியாயிற்று.

ஆயினும், அறிவின் வேட்கை சில வேளைகளில் அறத்தை மறந்துவிடும். 1874இல் அமெரிக்காவில் பார்த்தலோ என்னும் வைத்தியர், மண்டையோடு அரிக்கப்பட்டிருந்த மேரி ராஃபர்ட்டி என்ற பெண்ணின் மூளைக்குள் ஊசிகளைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். அவருக்கு வலிப்புக் கண்டது. சில நாட்களில் இறந்தார். சக வைத்தியர்களின் கண்டனத்துக்குப் பின் பார்த்தலோ வருத்தம் தெரிவித்தார். நோயாளி சோதனைப் பொருள் அல்லர் என்பதை இந்நிகழ்ச்சி என்றும் நினைவூட்டும்.

2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் ஆகியோர், தலைத்தோலின்மீது ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், மூளையின் இயக்கப் பகுதியின் கிளர்ச்சி சிறிது நேரம் மாறுவதைக் காட்டினர். 2005இல் பாரிசவாதம் கண்ட 6 பேரிடம் அதைச் சோதித்தபோது, அவர்களின் கைத்திறன் சற்றே கூடியது. ஆனால் 2008இல் மண்டையோட்டைத் திறந்து மின்வாய் பதித்த பெரிய ஆய்வொன்று, பயிற்சியை மட்டும் பெற்றோரைவிட மேலான பயனைக் காட்டவில்லை. நம்பிக்கை எழுந்தது, அளந்து பார்த்தபோது தணிந்தது.

பின்னர் 2021இல், கழுத்திலுள்ள வேகசு நரம்பின் வழியே மூளையைத் தூண்டும் முறை 108 பேரிடம் ஆராயப்பட்டது. அனைவருக்கும் கருவி பொருத்தப்பட்டது; அனைவரும் ஒரே பயிற்சியைச் செய்தனர். உரிய தூண்டல் பெற்றோரில் நூற்றுக்கு 47 பேரும், பெறாதோரில் 24 பேரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். அவ்வாண்டே அமெரிக்க அரசு அம்முறைக்கு அனுமதி வழங்கியது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தூண்டல் பெறாதோரில் நூற்றுக்கு அந்த 24 பேரையும் முன்னேற்றியது எது? நாள்தோறும் சலியாது செய்த பயிற்சியன்றோ! மின்சாரம் பயிற்சிக்குத் துணையாகலாம். பயிற்சியின் இடத்தைப் பிடிக்க மாட்டாது. வைத்தியரின் மேற்பார்வையின்றி மின்கருவிகளைத் தலையில் வைத்துப் பார்ப்பதும் தகாது.

படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் வலைவீசிய கையொன்று திடீரெனத் தளர்ந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், காலம் தாழ்த்தாது 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். உயிர் தப்பி வீடு திரும்பியவரை மூலையில் படுக்கவைத்து, என்றோ வரப்போகும் கருவிக்காகக் காத்திராதீர்கள். இயன்மருத்துவர் காட்டிய வழியில் ஒரு சிரட்டையை எடுத்து வைக்கவும், ஒரு கயிற்றை முடியவும் அக்கைக்கு மீண்டும் மீண்டும் வாய்ப்பளியுங்கள். பக்கத்தில் அமர்ந்து அதற்குத் துணைநிற்க வேண்டியவர்கள் வீட்டாராகிய நாமே.