நேர்கோட்டுக்கு ஷொக் இல்லை

படத்தில பார்த்திருப்பீங்கள். திரையில் கோடு நேராகப் போகும், பீப் சத்தம் நீளும், டொக்டர் நெஞ்சில ஷொக் வைப்பார், ஆள் எழும்பும். சுத்தப் பிழை. மின்னோட்டமே இல்லாமல் நின்றுபோன இதயத்துக்கு ஷொக் குடுக்கிறதில்லை. நெஞ்சை அமத்துவார்கள், மருந்து ஏத்துவார்கள். ஷொக் தேவைப்படுவது, இதயத்தின் கீழறைகள் ஒழுங்கே இல்லாமல் நடுங்கும்போது. அதை 'ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். கீழறைகள் மிதமிஞ்சிய வேகத்தில் அடித்து நாடி இல்லாமல் போனாலும் ஷொக்தான்.

1947இல் கிளீவ்லாண்டில் குளோட் பெக், 14 வயதுப் பெடியன் ஒருவனின் திறந்த நெஞ்சுக்குள் ஷொக் வைத்து அவனைக் காப்பாற்றினார். 1960களில் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், கார் பற்றரியில் ஓடும் கிட்டத்தட்ட 70 கிலோ கருவியை அம்புலன்சில் ஏற்றினார். இரண்டிலும் முடிவெடுத்தது டொக்டர். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஆர்ச் டயாக்கும் கூட்டாளிகளும் செய்த 'ஹார்ட்-எய்ட்' தான் அந்த முடிவைப் பெட்டியிடம் குடுத்தது. ஒரு மின்வாய் நாக்கில், மற்றது மேல்வயிற்றில்!

சரி, பெட்டி சொல்வது சரியா என்று எப்படிச் சோதிப்பது? சோதனைக்காக ஒருவரின் இதயத்தை நிறுத்த முடியாதுதானே. வழி, ஏற்கனவே பதிவான துடிப்புகள். 1975–79இல் பொஸ்டனில் எம்ஐடியும் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியும் 47 பேரிடமிருந்து 48 அரைமணிநேர ஈசீஜீ பதிவுகளைச் சேர்த்தன. இரண்டு இதய நிபுணர்கள் தனித்தனியாகத் துடிப்புத் துடிப்பாகக் குறித்தார்கள், ஏறத்தாழ 1,10,000 துடிப்புகள். கருத்து வேறுபட்ட இடங்களைப் பிறகு பேசித் தீர்த்தார்கள். 1980இல் அது வெளியானது. ஆனால் அதில் ஃபிப்ரிலேஷனுக்குப் போதிய தீனி இல்லை. கிரைட்டன் பல்கலைக்கழகத்தின் 35 பதிவுகள் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தன. இந்தப் பதிவுகளில் ஆட்களின் பேர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். சாவின் விளிம்பில் யாரோ ஒருவரின் இதயம் போட்ட கிறுக்கலை வைத்துத்தான் பெட்டிகள் படித்தன.

1997இல் அமெரிக்க இதயச் சங்கம் பரீட்சைக்குப் புள்ளித்திட்டம் போட்டது. பெட்டி படித்த பதிவுகளிலேயே அதைச் சோதிக்கக் கூடாது. பாஸ்ட் பேப்பரையே ஏ.எல். சோதினையில குடுத்த மாதிரி ஆகிவிடும் என்பது எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெளிவான ஃபிப்ரிலேஷன் குறைந்தது 200 மாதிரி. 90 வீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டும். சாதாரணத் துடிப்பு குறைந்தது 100 மாதிரி. 99 வீதத்துக்கு மேல் ஷொக் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நேர்கோட்டுக்கு 95.

அந்த 90ஐயும் 99ஐயும் பாருங்கோ. தவறவிட்டால் சில நிமிடத்தில் பெட்டி திரும்பப் பார்க்கும். அதுவரை நெஞ்சை அமத்தலாம். ஆனால் மயங்கி விழுந்த, இதயம் ஒழுங்காக அடிக்கிற ஒருவருக்கு ஷொக் விழுந்தால் அதுவே ஆளைக் கொல்லலாம். காப்பாற்றுவதை விடக் கொல்லாமல் இருப்பதற்குக் கூடப் புள்ளி. தவறவிடப்படுகிறவர் யாரோ ஒருவரின் அப்பாதானே என்று மனம் உறுத்துகிறது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் பயமில்லாமல் பொத்தானை அமத்த வேண்டுமென்றால் இந்தக் கணக்குத்தான் சரி என்று நினைக்கிறேன். மெல்லிய ஃபிப்ரிலேஷனுக்கு மட்டும் சங்கம் சித்திப்புள்ளி வைக்கவில்லை. அது நேர்கோட்டுக்கு அவ்வளவு கிட்ட.

1999 நடுப்பகுதி தொடங்கி இரண்டு வருடத்தில், சிக்காகோ விமான நிலையங்களில் 18 பேருக்கு ஃபிப்ரிலேஷன் வந்தது. 11 பேர் உயிர்மீண்டார்கள். அவர்களில் 6 பேருக்கு ஷொக் குடுத்தவர்கள் இந்தப் பெட்டியில் ஒரு பயிற்சியும் எடுத்திராத ஆட்கள்.