பந்தைச் சேதப்படுத்துதல் (கிரிக்கெட்)

ஆட்டப் பந்தின் நிலையை விதிக்குப் புறம்பாக மாற்றுவது பந்தைச் சேதப்படுத்துதல் எனப்படும். கிரிக்கெட் விதி 41.3 இதை நியாயமற்ற ஆட்டமாக வகைப்படுத்துகிறது. பந்தை ஆடையில் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், ஈரமானால் துண்டால் துடைக்கலாம். சுரண்டுவதும் தையலை நெம்புவதும் குற்றம். ஒரு பக்கம் சொரசொரப்பானால் பழைய பந்தும் காற்றில் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளையும் (‘ரிவர்ஸ் ஸ்விங்’) என்பதே இந்த மோசடிக்குக் காரணம். களத்தில் கண்டுபிடித்தால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள் கிடைக்கும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2018 மார்ச் 24, கேப் டவுன் நியூலாண்ட்ஸ் மைதானம். ஆஸ்திரேலியாவின் கேமரன் பான்கிராஃப்ட் சிறிய மஞ்சள் பொருளொன்றைக் காற்சட்டைக்குள் செருகுவது பெரிய திரையில் தெரிந்தது. நடுவர்களிடம் அவர் எடுத்துக் காட்டியதோ கறுப்புத் துணி. ஒட்டுநாடா என்று முதலில் சொல்லப்பட்ட அந்த மஞ்சள் பொருள், பந்தைச் சுரண்ட வைத்திருந்த உப்புத்தாள் எனப் பின்னர் உறுதியானது.

இத்திட்டத்தை முன்பே அறிந்திருந்த அணித்தலைவர் ஸ்டீவ் ஸ்மித்துக்குச் சர்வதேச கிரிக்கெட் கழகம் (ஐசிசி) விதித்தது ஒரேயொரு டெஸ்ட் தடையும் ஆட்ட ஊதிய அபராதமும்தான். திட்டமிட்ட ஏமாற்றுக்கு அது போதாத தண்டனை. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் ஸ்மித்தையும் துணைத்தலைவர் டேவிட் வார்னரையும் 12 மாதங்கள், பான்கிராஃப்டை 9 மாதங்கள் விலக்கிவைத்தது. தலைமைப் பதவி வகிக்க வார்னருக்கு விதிக்கப்பட்ட வாழ்நாள் தடை 2024 அக்டோபரில் நீங்கியது.

2018 ஜூலையில் ஐசிசி இக்குற்றத்தைத் தன் நடத்தை விதிகளில் மூன்றாம் நிலைக்கு உயர்த்தியது. இப்போது 6 டெஸ்ட் வரை தடை விதிக்கலாம்.