பெட்டிக்குள் அடுக்கிய பூமி
தங்கவயல் முதல் தளி வரை ஒரு கல் வரலாறு



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "மாணவர்களுக்கும் ஏதாவது பயன்படணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். விடுதிக் கதைகளை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனவே என் தொழிலைத் தொட்டு ஒரு வரலாற்றை எழுதுகிறேன்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சிப்காட் கேட்டுதான். 1970களில் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து அது நமக்குச் சோறு போடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் காலுக்குக் கீழே இருக்கும் கல்லைப் படித்தே பிழைக்கும் ஒரு தொழிலும் உண்டு. அதுதான் புவியியலாளர் தொழில். அந்தத் தொழிலின் வாசற்படி, சுரங்கத்திலும் துளைப்பு முகாமிலும் பயிற்சியாளராகச் செய்யும் 'கோர் லாகிங்'.

நம் எல்லைப் பகுதியில் கல்லைத் துளைத்த கைகள் பெரும்பாலும் நம்மவர் கைகள். துளைத்து எடுத்ததைப் படித்து எழுதிய கைகளோ வெகுகாலம் வேறு யாருடையவையோ. அந்த இடைவெளியின் கதைதான் இது.

கோர் என்றால் என்ன?

நம் ஊரில் போர்வெல் லாரி பார்க்காதவர் கிடையாது. திருச்செங்கோட்டிலிருந்து வந்து இரவு பகலாகக் குடைந்துவிட்டுப் போவார்கள். குழியிலிருந்து வெளியே பறப்பது தூளும் சில்லும்தான். தண்ணீருக்கு அது போதும். "400 அடியில் என்ன கல் இருந்தது, அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?" என்று கேட்டால் தூள் பதில் சொல்லாது.

கோர் துளைப்பு வேறு விதம். நுனியில் வைரம் பதித்த உள்ளீடற்ற குழாயைச் சுழற்றி இறக்குவார்கள். சுற்றியுள்ள கல் அரைபட, நடுவில் ஒரு கல் தண்டு முழுசாகக் குழாய்க்குள் ஏறி நிற்கும். அதுதான் கோர். வழக்கமான ஓர் அளவில் அதன் குறுக்களவு 54 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். கையில் பிடித்தால் கரும்புத் துண்டு போல.

இதைக் கண்டுபிடித்தவர் சுரங்கக்காரர் அல்ல. சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில்நுட்பர்! ஜார்ஜ் அகஸ்ட் லெஷோ என்பவர் 1860களின் தொடக்கத்தில், மலையைக் குடையும் சுரங்கப்பாதை வேலைக்காக இந்த வைரத் துளைப்பானை அமைத்தார். பிரேசில் நாட்டுக் கறுப்பு வைரம் அதற்குப் பல்லாயிற்று. டைட்டன் கடிகாரம் செய்யும் ஓசூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1890-இல் அமெரிக்காவின் மெசாபி இரும்புத்தாது மலைத்தொடரில் லாங்இயர் என்பவர் கோர் துளைப்பைத் தொடங்கினார். 1958-இல் அவர் பெயர் தாங்கிய நிறுவனமே 'வயர்லைன்' முறையைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு முறை கோர் எடுக்கவும் குழாய் அத்தனையையும் கழற்றி மேலே ஏற்ற வேண்டும். அதன் பிறகு உள்குழாயை மட்டும் கம்பியில் இழுத்தால் போதும் என்றாயிற்று.

எல்லையோரத்துக் கல்

துளைப்பான் வருவதற்கு முன் சுத்தியல்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை, அதாவது ஜி.எஸ்.ஐ., 1851-இல் தொடங்கியது. அதன் சென்னைப் பிரிவில் 1858-இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். அவரும் வில்லியம் கிங்கும் 1860களில் அன்றைய சேலம் மாவட்டத்தின் பாறைகளை நடந்தே ஆராய்ந்தார்கள். கிருஷ்ணகிரி அப்போது சேலம் மாவட்டம். தருமபுரி மாவட்டம் 1965-இலும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இலும்தான் பிறந்தன. ஓய்வுக்குப் பிறகு ஃபூட், 1894-இல் தொடங்கப்பட்ட மைசூர் அரசின் புவியியல் துறைக்குத் தலைவரானார்.

நம் பகுதிக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிப் பக்கம் போகப் போக, ஒரு காலத்தில் பூமிக்குள் இன்னும் ஆழத்தில் கிடந்த பாறை மேலே தெரியும். சென்னை பரங்கிமலைக் கல்லுக்கு 1893-இல் ஹாலந்து என்பவர் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். அந்தக் கல் எப்படி உருவாகிறது என்பதற்கான சாட்சி நம் எல்லைக்கு அந்தப் பக்கம், கனகபுரா அருகில் உள்ள கப்பல்துர்காவில் கிடைத்தது. சாதாரண நைஸ் பாறை திட்டுத்திட்டாகச் சார்னகைட்டாக மாறிக்கொண்டிருந்ததை 1960-இல் 'நேச்சர்' இதழில் எழுதி உலகுக்குச் சொன்னவர் சி.எஸ்.பிச்சமுத்து. மைசூர்ப் புவியியல் துறையை நடத்தியவர். 1951-இல் ஜி.எஸ்.ஐ.யின் முதல் இந்தியத் தலைவரான எம்.எஸ்.கிருஷ்ணனும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்தான். நம்மவர் கைக்குப் பேனா வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவர்கள் இருவர் போதாதா?

தங்கவயல்: துளைத்தவர்கள் யார்?

இனி கோலார் தங்கவயல். 1802-இல் எல்லை அளக்க வந்த லெப்டினென்ட் வாரன், இந்தப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு 1871-இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர் மைக்கேல் லவெல் என்ற முன்னாள் சிப்பாய். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றியது. பணம் கரைந்து மூடும் நிலைக்கு வந்த வேளையில் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப்படிகக் கல் நரம்பு அகப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் இழுத்து வந்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. மொத்தம் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது.

அதை வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிக் குடும்பத்தோடு வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள்; அதிகம் பேர் தாழ்த்தப்பட்ட மக்கள். மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள். வரைபடமும் மாதிரிக் கணக்கும் எழுதும் மேசை வெள்ளைக்கார அதிகாரிகளிடம். கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? பாறை வெடிப்பும் கல்தூசியும். தூசி நுரையீரலை அடைக்கும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934-இல் பதிவானதே கோலார் சுரங்கத்தில்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. இந்தியப் புவியியலாளர்களும் சுரங்கப் பொறியாளர்களும் அந்த மேசைக்கு வந்தார்கள். 1965-இல் அதே சுரங்கத்தின் அடியில், அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்கள் பதிவாயின. பாறை வெடிப்பை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் 1988-இல் தங்கவயலில்தான் பிறந்தது. ஆனால் தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வர, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்துக்கு இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பிறகு விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகலானார்கள்.

தங்கம் தாங்கிய அந்தப் பாறைப்பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளம். அது மாநில எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. ஆந்திரத்தின் சிகர்குண்டாவைக் கடந்து, அதன் தென்கோடி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மகாராஜகடைப் பக்கம் வருகிறது. அங்கும் ஜி.எஸ்.ஐ. தங்கம் தேடிப் பார்த்திருக்கிறது.

பெட்டி முன் உட்காரும் வேலை

சரி, லாகிங் பயிற்சியில் என்னதான் செய்வார்கள்? நான் சிவில் பொறியாளன். அஸ்திவாரம், சுரங்கப்பாதை வேலைகளில் என் முதல் பாடசாலையும் கோர் பெட்டிதான். புவியியல் படித்தவர்களும் இதே பெட்டி முன்தான் தொடங்குகிறார்கள்.

குழாயிலிருந்து வரும் கோரை ஒரு மீட்டர் நீளப் பெட்டியின் வாய்க்கால்களில், புத்தகம் படிப்பது போல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஆழம் எழுதிய கட்டை வைக்கப்படும். ஒரு துண்டு தலைகீழாகிவிட்டால் பூமியே தலைகீழ்! பயிற்சியாளரின் முதல் வேலை கழுவுவது, பொருத்திப் பார்ப்பது, அளப்பது.

உதாரணமாக, 3 மீட்டர் துளைத்ததில் 2.7 மீட்டர் கோர் கிடைத்தால் மீட்பு 90 சதவீதம். அதில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள நல்ல துண்டுகளை மட்டும் கூட்டினால் 2.1 மீட்டர் என்று வையுங்கள், ஆர்.க்யூ.டி. 70 சதவீதம். 1964-இல் டான் டீர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த எளிய கணக்கு, சுரங்கத்தின் கூரை நிற்குமா என்பதை மதிப்பிட இன்றும் உதவுகிறது. துளைக்கும்போது உடைந்த துண்டையும் பூமிக்குள்ளேயே உடைந்திருந்த துண்டையும் பிரித்தறிய வேண்டும். புது உடைப்பு பளிச்சென்று இருக்கும், பழைய விரிசலில் களிமண்ணோ துருவோ படிந்திருக்கும். ஆழத்தில் அழுத்தம் மிகுந்த இடத்தில் கோர் பிஸ்கட் மாதிரி வட்டு வட்டாகப் பிளந்து வரும். பாறை வெடிக்கும் அபாயத்துக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

பிறகுதான் கல்லின் பெயர், நிறம், மணியளவு, படிகக்கல் நரம்பு, கந்தகக் கனிமம், நரம்பு கோர் அச்சோடு செய்யும் கோணம். தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அது ஒளிந்திருக்கும் அறிகுறிகளைத்தான் தேட வேண்டும். லென்ஸ், அளவு நாடா, நீர்த்த அமிலம், ஒரு குவளைத் தண்ணீர், ஆயுதம் அவ்வளவே. கல்லை நனைத்தால் காய்ந்தபோது தெரியாதது தெரியும்.

ஒன்று கவனியுங்கள். பெட்டியில் இல்லாததும் செய்திதான். தண்ணீர் எந்த ஆழத்தில் திரும்பி வராமல் போயிற்று, குழாய் எங்கே திடுக்கென்று இறங்கியது? இதெல்லாம் டிரில்லருக்குத்தான் தெரியும். "அண்ணா, இங்க என்னாச்சு?" என்று அவர் மொழியில் கேட்கத் தெரிந்தவனுக்கே பதில் கிடைக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் சந்தையிலேயே கற்றுக்கொண்ட தளிப் பிள்ளைக்கு இது பிறவிச் சீதனம் அல்லவா?

பாதிக் கோர் சொல்லும் நீதி

அளந்து எழுதி முடித்ததும் கோரை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி பரிசோதனைச் சாலைக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே சாட்சியாக இருக்கும். இது வெறும் சம்பிரதாயமா? இல்லை.

1990களில் கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம், இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில் புசாங் என்ற இடத்தில் பெரும் தங்கப் புதையல் இருப்பதாக அறிவித்தது. அங்கே கோரைப் பாதி வைக்காமல் முழுவதையும் நொறுக்கி அனுப்பினார்கள். நொறுக்கிய மாதிரியில் வெளித் தங்கத்தைக் கலந்திருந்தது 1997-இல் வெட்டவெளிச்சமானது. பங்குச் சந்தையில் 600 கோடி கனடா டாலர் வரை மதிப்பு ஏறியிருந்த நிறுவனம் மண்ணாயிற்று. எத்தனையோ சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பும் போயிற்று. 2001-இல் கனடா, தகுதிபெற்ற நிபுணர் பொறுப்பேற்றால்தான் கனிம மதிப்பீட்டை வெளியிடலாம் என்று கடுமையான விதி கொண்டுவந்தது. எனவே தம்பி, உன் பதிவேட்டில் நீ போடும் பென்சில் கோடு சின்ன விஷயம் இல்லை. அதன் மேல் பல கோடி ரூபாயும், கீழே இறங்குகிறவன் உயிரும் நிற்கின்றன.

வாசல் எங்கே?

கல்லைக் காட்டி வாழ்வை மாற்றிய துளைகள் தமிழ்நாட்டிலும் உண்டு. 1934-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் போட்ட கிணற்றுத் துளையில் வந்த கறுப்புப் பொருளே நெய்வேலிக்குப் பிள்ளையார் சுழி. 1940களில் ஜி.எஸ்.ஐ. துளைத்துப் பார்த்தது. 1956-இல் நிறுவனம் அமைந்தது, 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. இடையில் துளைக் கணக்கு எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாவிட்டாலும், அவர்கள் எழுதியதை நம்பித்தான் ஒரு நகரமே எழுந்தது.

இன்று சேர விரும்புகிறவர்களுக்கு வழி பல. ஜி.எஸ்.ஐ.யில் புவியியலாளராக வேண்டுமானால் முதுநிலைப் படிப்பும் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வும் வேண்டும். 1976-இல் தொடங்கிய அதன் பயிற்சி நிலையம் ஐதராபாத்தில். களப் பயிற்சி மையம் ஒன்று பக்கத்துச் சித்திரதுர்காவிலேயே இருக்கிறது. துளைப்பையே தொழிலாகக் கொண்ட எம்.இ.சி.எல். 1972-இலிருந்து நாக்பூரில் உள்ளது. கர்நாடகத்தின் ஹட்டியில் தங்கச் சுரங்கம் ஓடுகிறது. சிவில், மைனிங் படித்தவர்களுக்கு மெட்ரோ சுரங்கப்பாதை, அணை, பாலம் என்று கோர் பெட்டி இல்லாத இடமே இல்லை. விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்கு மூன்றாம் ஆண்டிலேயே, துறைத் தலைவர் கடிதத்தோடு நாலைந்து இடத்துக்கு மனுப் போடுங்கள். தூசியில் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். 1934-ஐ மறக்க வேண்டாம்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. 2019-இல் மத்திய அரசு சில நிபந்தனைகளோடு அந்தத் தடையைத் தளர்த்தியது. கோர் கொட்டகையோ தரைக்கு மேலேதான் இருக்கிறது. "இது பெண்ணுக்கு ஆகிற வேலையா?" என்று வீட்டில் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தப் பகுதியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் கல்லை உடைத்தார்கள். உடைத்த கல் என்ன சொல்லிற்று என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இன்று நம் கல்லூரியிலிருந்து போகும் ஒரு மாணவியோ மாணவனோ அந்தப் பெட்டி முன் உட்கார்ந்து, நனைத்துப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கீழே கையெழுத்துப் போட முடியும். யாராவது ஒருவர் அப்படிப் புறப்பட்டால் அடுத்த மலருக்கு அவரே எழுதட்டும். நான் இடம் விட்டுத் தருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

(கட்டுரையாளர் நம் கல்லூரியின் முன்னாள் மாணவர்; பொறியாளர்.)