மழையிரவும் பழந்தமிழர் முன்னேற்பாடும்

அரசர் போரும் கொடையும் வாணிகமும் பழந்தமிழர் வரலாற்றுள் பெரிதும் பேசப்படுவன. காற்றும் மழையும் சூழ்ந்த ஓர் இரவினை அம்மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வினாவிற்கும் அவ்வரலாற்றுள் இடமுண்டு. இதற்குரிய சான்றுகள், 1889-இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையொடு பதிப்பித்த பத்துப்பாட்டினுள், நக்கீரரின் நெடுநல்வாடையிலும் நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலும் செறிந்துள்ளன.

ஈண்டு ஒரு தடை எழும். முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. ஆகவே, மழையிரவு புலனெறி வழக்கேயன்றி வரலாறு ஆகாது என்பர். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயின், மழையைப் பாடவேண்டும் என்று மரபு விதிக்கலாம்; எக்கலத்தை எடுப்பது, எதனை ஒதுக்குவது என்று அது விதிப்பதில்லை. அச்சிறு பொருள்களே நமக்குச் சான்றாவன.

நெடுநல்வாடையில் வெள்ளத்தை வெறுத்த கோவலர் ஆனிரையை வேற்று நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தைப் பிரிந்த வருத்தத்தோடு, கொள்ளி நெருப்பிற் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். நகர மனையிலோ ஏற்பாடு வேறு. பொழுது மங்கியமை தெரியாமையால், பிச்சியின் அரும்பு மலர்வது கொண்டு மாலையை அறிந்து மகளிர் விளக்கேற்றுகின்றனர். சாளரக் கதவுகள் தாழிடப்படுகின்றன. வேனிற்குரிய விசிறி சிலந்தி நூல் சூழத் தொங்குகின்றது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் பயனின்றிக் கிடக்கின்றது. குறுகிய வாயையுடைய கன்னலின் தண்ணீரை விரும்புவார் இலர். அகன்ற வாயையுடைய தடவில் நெருப்புக் காய்வாரே உளர்.

பாசறையிலும் காற்றே பகையாகின்றது. முல்லைப்பாட்டின் பாசறையில், நெய் உமிழும் குழலேந்திய மகளிர் விளக்கு அவியுந்தோறும் மீண்டும் கொளுத்துகின்றனர். விளக்கு அவியும் என்பதை எதிர்நோக்கி நெய்யும் திரியும் ஆளும் முன்னரே அமைக்கப்பட்டமை இதனாற் பெறப்படும். நெடுநல்வாடைப் பாசறையிலோ வாடை வீசுந்தோறும் விளக்கின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கின்றது. வடக்கிலிருந்து வரும் காற்றிற்கு இஃது இயல்பே. வடகிழக்குப் பருவக்காற்றை இன்றும் அறிவார் இதன் மெய்ம்மையை உணர்வர். அவ்விரவில் வேந்தன் துயிலாது, சேறுபட்ட தெருவிற் சென்று புண்பட்ட வீரரைக் காண்கின்றான்.

இவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மழை ஒன்றே, முன்னேற்பாடு ஒன்றன்று. செல்வர்க்குக் கதவும் தடவும் காப்பு. படைக்கு நெய்யும் திரியும் காவலரும் காப்பு. கோவலர்க்கோ நிலத்தைவிட்டு நீங்குதலே காப்பு. ஆகவே, மாடத்தின் வெம்மையை மட்டும் எடுத்துக்காட்டி, பழந்தமிழர் யாவரும் கூதிரை இனிது கழித்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. அவ்வாறு கூறின், பாட்டின் தொடக்கத்திலேயே நக்கீரர் நிறுத்திய நடுங்கும் மனிதரை நாம் காணாது விட்டவராவோம்.

புலனெறி வழக்கு வரலாற்றை மறைக்கும் திரையன்று. அதனைத் தாங்கும் சட்டகமே என்பது எம் துணிபு. மரபு தந்ததனையும் புலவர் கண்டு சேர்த்ததனையும் பிரித்தறிதல் ஆய்வாளர் கடன். கலமும் கதவும் விளக்கும் போன்ற புழங்குபொருள்களை நிரல்படத் தொகுப்பின், அரசர் வரலாற்றோடு மக்கள் வரலாறும் விளக்கமுறும்.