விளையாட்டுப் பெட்டிக்குள் வன்தட்டு: ஒரு சிறு வரலாறு



பழைய கணினியையும் மரப்பலகையையும் கொண்டு ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்ய விரும்புவோருக்காக இதனை எழுதுகிறேன். திரையும் பொத்தான்களும் பெறும் கவனத்தை உள்ளிருக்கும் வன்தட்டு பெறுவதில்லை. அதனை ஏன் உறுதியாகப் பொருத்த வேண்டும் என்பதை வரலாறு காட்டுகிறது.

1980-களின் தொடக்கத்தில் பெரும்பாலான ஆர்கேட் விளையாட்டுகள் நினைவகச் சில்லுகளில் இருந்தன. சில்லுக்குள் அசையும் பாகம் இல்லை. பெட்டியைத் தட்டினாலும் தாங்கும். 1983-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராகன்ஸ் லேர்' வேறு வழியில் சென்றது. டான் புளூத்தின் அசைவூட்டக் காட்சிகள் லேசர் தட்டில் பதிவாகியிருந்தன. படத்தைத் தொடர்ச்சியாகக் காட்டுவதற்கென அமைந்த இயக்கி, ஓயாமல் காட்சிக்குக் காட்சி தாவ வேண்டியதாயிற்று. அதனால் பல இயக்கிகள் பழுதடைந்தன.

1994-இல் 'கில்லர் இன்ஸ்டிங்க்ட்' வன்தட்டோடு வந்தது. அவ்வன்தட்டுகள் பழுதடைந்தபோது, சேகரிப்பாளர் பலர் அசையும் பாகமற்ற நினைவு அட்டைகளை மாற்றிப் பொருத்தினர். 1997-இல் 'மேம்' மென்பொருள் வெளிவந்தபின், சாதாரணக் கணினியைக் கொண்டே பழைய ஆர்கேட் விளையாட்டுகளை ஆட முடிந்தது. கணினியோடு அதன் வன்தட்டும் மரப்பெட்டிக்குள் புகுந்தது.

மேசைக் கணினி வன்தட்டுகளுள் பல நிமிடத்திற்கு 7200 முறை சுழல்பவை. படிக்கும் முனை, தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். விளையாட்டின் வேகத்தில் பிள்ளைகள் பொத்தானை ஓங்கி அடிக்கும்போது அந்த அதிர்ச்சி எங்கே செல்லும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

எனவே, பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்க:

1. வன்தட்டை உலோகத் தாங்கியில் நான்கு திருகாணிகளால் பொருத்துக. திருகாணி அளவுக்கு மீறி நீண்டால் உட்பாகத்தைச் சேதப்படுத்தும்.
2. தாங்கியைப் பெட்டியின் அடிப்பலகையில் பொருத்துக. கதவிலோ பொத்தான் பலகையிலோ வேண்டா. இடையே இரப்பர் வளையம் இடுவது அதிர்வைக் குறைக்கும்.
3. ஒலிபெருக்கிக்கு அருகில் வைக்காதீர். காற்றோட்டத்திற்கு இடம் விடுக. வன்தட்டின் மேலுள்ள சிறு காற்றுத் துளையை மூடாதீர்.
4. கம்பிகளைச் சற்றுத் தளர்வாக விடுக.

அசையும் பாகமற்ற திடநிலை வட்டைப் பயன்படுத்தினால் இக்கவலை பெரிதும் குறையும். ஆயினும், பழைய வன்தட்டையே பயன்படுத்துவோர் முதலில் அதனைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் முதல் பள்ளி நாள் படம் அதில் மட்டுமே இருக்கக்கூடும். படியெடுத்து வைத்தபின் திருகாணியைக் கையில் எடுங்கள்.