மாரிக்கு முன் சுவர் அலுமாரியைத் திறந்து பாருங்கள்

செய்தி சேகரிக்க வன்னியில் வீடுகளுக்குப் போகும்போது, பேச்சின் நடுவில் யாராவது எழுந்து போய்ச் சுவர் அலுமாரியைத் திறப்பார்கள். காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிள்ளையின் படம், சில வீடுகளில் மடித்து வைத்த ஒரு சேட்டு என்று எல்லாம் அங்கிருந்துதான் வெளியே வரும். கார்த்திகை, மார்கழியில் அவற்றோடு ஒரு புழுங்கல் மணமும் வரும். கடுதாசியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள், துணியின் மடிப்பில் சாம்பல் நிறப் பூஞ்சணம். பங்கருக்குள்ளும் தறப்பாளுக்குள்ளும் காப்பாற்றிக் கொண்டுவந்த பொருட்கள், கல்வீட்டுக்குள் இருந்தபடியே பழுதாகின்றன. இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஆனால் மழை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டும்.

ஏன் சுவர் அலுமாரியில்?

போருக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் பல, உதவித்தொகையோடு குடும்பங்களே முன்னின்று கட்டியவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் காசுக்குள் மர அலுமாரி வாங்க முடியாதவர்கள், சுவரோடு சேர்த்துக் கொங்கிறீற் தட்டுப் போட்டு, கையில் காசு வந்தபோது கதவு பூட்டினார்கள்.

இப்படியான அலுமாரியின் முதுகுப்பக்கம் பெரும்பாலும் வெளிச்சுவர்தான். வடக்கில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை விழுகிறது. வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து வரும் மழை வடக்கு, கிழக்குச் சுவர்களை நனைக்கிறது. சீமெந்துக் கல் அந்த நீரை உறிஞ்சி மெதுவாக உள்ளே விடுகிறது. மூடிய கதவுக்குள் காற்று அசையாததால் ஈரம் அங்கேயே தங்குகிறது.

பூஞ்சணத்துக்கு ஈரமும் உணவும் போதும். பருத்தித் துணி, கஞ்சிப்பசை, வியர்வை, தூசு எல்லாம் அதற்கு உணவு. உணவை முற்றாக அகற்ற முடியாது, ஈரத்தைக் குறைக்கலாம். காற்றின் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளர்வது கடினம். 80 வீதத்துக்கு மேலே நின்றால் விரைவாகப் பரவும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

மருந்துக்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அலுமாரியை வெறுமையாக்கி, பின்சுவரில் ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரால் வருகிறது. வெளிமுகத்தில் துளி இருந்தால், வீட்டுக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சமையல், உள்ளே உலர்த்தும் உடுப்பு, அருகில் உள்ள குளியலறை ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரை சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ பூச்சு உதிர்ந்தாலோ, நிலத்து நீர் அத்திவாரத்தின் வழியே ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். மேல்தட்டு மட்டும் நனைந்தால் கூரையைப் பாருங்கள்.

முதலில் வெளிப்புறம்

வெளியே நீர் தேங்கி நிற்க, உள்ளே எவ்வளவு மை பூசினாலும் அது கொப்பளித்து விழும். சுவரோடு குவிந்த மண்ணை வெட்டி, வீட்டின் நிலமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். தண்ணீர் வீட்டைவிட்டு வெளியே ஓடும்படி வாய்க்கால் எடுங்கள். கூரைத்தண்ணீர் சுவரடியில் விழுந்தால் பீலி போடுங்கள். அது முடியாவிட்டால் தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பினால் சேறு தெறிப்பதாவது குறையும். வெடிப்புகளைச் சீமெந்துச் சாந்தால் அடைத்து, நன்றாகக் காய்ந்த பின் வெளிச்சுவருக்கான மை பூசுங்கள். இவையெல்லாம் ஆவணி, புரட்டாதி வெயிலில் செய்ய வேண்டிய வேலைகள். ஈரச் சுவரில் பூசிய மை நிற்காது.

அலுமாரிக்குள்

துணி சுவரில் முட்டக் கூடாது. பின்சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். கொங்கிறீற் தட்டின் மேல் நேரே உடுப்பு வைக்காமல், மெல்லிய மரச் சலாகைகளை இடைவிட்டு அடுக்கி அதன்மேல் வையுங்கள். கதவின் மேலும் கீழும் வரிசையாகத் துளை போட்டால் காற்று கீழால் புகுந்து மேலால் வெளியேறும். கதவு போடக் காசு இல்லாத வீட்டில் பருத்தித் திரை போதும். ஈரத்தைப் பொறுத்தவரை அது இறுக்கமான கதவை விட நல்லது. புதிதாகக் கதவு செய்பவர்கள் அழுத்திய மரத்தூள் பலகையைத் தவிர்க்கவும். அது ஈரத்தில் ஊதிப் போகும்.

முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். வெயில் எறிக்கும் நாளில் நண்பகலை ஒட்டி இரண்டு மூன்று மணிநேரம் கதவையும் யன்னலையும் திறந்து விடுங்கள். மழை பெய்யும் நாளில் மூடி வையுங்கள். உள்ளே மின்குமிழ் எரியவிடுவது தீப்பிடிக்கும் ஆபத்தானது.

உடுப்பை வைக்கும் முன்

மாரியில் துணி காய்ந்தது போலத் தெரியும். இடுப்புப்பட்டி, கொலர், பொக்கற் உள்ளே ஈரமாக இருக்கும். அந்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. ஸ்திரிக்கை போட்ட துணியைச் சூடு ஆறிய பின் அடுக்குங்கள். ஒருமுறை உடுத்ததைத் துவைத்ததோடு சேர்க்க வேண்டாம். நீண்டநாள் வைக்கும் துணிக்குக் கஞ்சி போட வேண்டாம். கூறைச்சேலையைப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். செயற்கைக்கால் அணிபவர்கள் அதற்குள் போடும் உறையை முற்றாக உலர்த்தியே வைக்க வேண்டும். ஈர உறை தோலைப் புண்ணாக்கும்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் துணியை வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தட்டுங்கள். முட்டு வருத்தம் உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சாதாரண பருத்தித் துணியைச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் துவைத்து வெயிலில் போடுங்கள். தட்டுகளைச் சவர்க்கார நீரால் துடைத்துக் காயவிடுங்கள். குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தோடு வினாகிரியைச் சேர்க்க வேண்டாம். நச்சு வாயு கிளம்பும்.

பூச்சி உருண்டை ஈரத்தை எடுக்காது

நப்தலின் உருண்டை பூச்சியை விரட்டும். பூஞ்சண மணத்தைத் தன் மணத்தால் மறைக்கும். அவ்வளவுதான். G6PD என்ற நொதியக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, நப்தலினோடு வைத்திருந்த உடுப்பை அணிவித்தால் குருதிச் செங்கலங்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். குழந்தை உடுப்புகளுக்கு அருகில் அதை வைக்கவே கூடாது.

சிரட்டைக்கரி மணத்தைக் குறைக்கும். ஈரத்தை அதிகம் எடுக்காது. சிலிக்கா ஜெல் பொதி இறுக மூடிய சிறிய பெட்டிக்குள் நன்றாக வேலை செய்யும். கடையில் விற்கும் ஈரமுறிஞ்சிப் பெட்டிகளில் பெரும்பாலும் கல்சியம் குளோரைட்டு இருக்கிறது. அதில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் துணி பழுதாகும், எனவே அடித்தட்டில் நிமிர்த்தி வைக்கவும். சுட்ட சுண்ணாம்புக்கல் வைக்கும் பழக்கம் வேண்டாம். அது கண்ணையும் தோலையும் சுடும்.

திரும்ப வாங்க முடியாதவை

உறுதி, பிறப்புச் சான்றிதழ், முறைப்பாட்டுப் பிரதி, படங்கள் ஆகியவற்றை அடித்தட்டில் வைக்காதீர்கள். நன்கு காய்ந்த நாளில், இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெலோடு வையுங்கள். படங்களுக்கு இடையில் வெள்ளைக் கடுதாசி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. எல்லாவற்றையும் தொலைபேசியில் படமெடுத்து, இன்னொரு வீட்டிலும் ஒரு பிரதி இருக்கச் செய்யுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் உடுப்பைப் பல தாய்மார் துவைக்காமல் வைத்திருக்கிறார்கள். அதைத் துவைக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதற்கு நினைவுக்கு அப்பாலும் ஒரு பெறுமதி இருக்கலாம். துவைக்காத உடுப்பிலோ சீப்பில் வேரோடு இருக்கும் முடியிலோ மரபணு எஞ்சியிருக்கக்கூடும். பொலித்தீன் பை ஈரத்தை அடைத்து அதைச் சிதைக்கும். கடும் வெயிலும் சிதைக்கும். எனவே உலர்ந்த நாளில் சுத்தமான கையுறையோடு எடுத்து, புதிய கடுதாசி உறையில் தனியாக இட்டு, பெயரும் திகதியும் எழுதி, மேல்தட்டில் சுவரில் முட்டாமல் வையுங்கள். அடிக்கடி திறக்க வேண்டாம்.

2025 ஆகஸ்டில், செம்மணியில் மனிதப் புதைகுழியிலிருந்து மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் உறவுகள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்படியான இடத்தில் ஒரு குடும்பம் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பது நினைவும், அந்த உடுப்போடு எடுத்த ஒரு பழைய படமும்தான். அந்தப் படம் இப்போது எந்தத் தட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பின்சுவர் ஈரமென்றால், மற்ற வேலைகள் முடியும்வரை அதை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.