ஜவ்வாது மலை மலையாளிகள்: தோற்றம் சொன்ன முதல் தீர்ப்பு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. இவர்களின் தாய்மொழி தமிழே.

இவர்களின் தோற்றக் கதை ஒன்றை ஆங்கிலேயர் காலத்து வட ஆர்க்காடு நூல்கள் பதிவு செய்துள்ளன. காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் கவர்ந்து செல்கின்றனர். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், "நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று கொள்ளுங்கள்" என மனைவியரிடம் சொல்லிச் செல்கின்றனர். வழியில் பாலாற்றில் வெள்ளம். நாய்கள் வீடு திரும்புகின்றன. அவற்றைக் கண்டதுமே மனைவியர் ஈமச்சடங்கு முடித்துக் கைம்மைக் கோலம் பூணுகின்றனர். வேடர்களை வென்று உயிரோடு வந்தவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறினார்களாம். கதை நடந்ததோ இல்லையோ, கண்ணால் கண்டதை அவசரப்பட்டு நம்பியதன் விலை அதில் இருக்கிறது.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் உயரம், தலை, மூக்கு ஆகியவற்றைக் கருவிகொண்டு அளந்தவர். கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூல், மலையாளிகளைச் சமவெளியிலிருந்து மலைக்குக் குடியேறிய தமிழர் என்றே குறித்தது.

விடுதலைக்குப் பின் 1965இல் லோகூர் குழு, பழங்குடியினரை அறிய ஐந்து அடையாளங்களைச் சொன்னது: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. (முன்பின் தெரியாத அதிகாரியைக் கண்டால் சமவெளிக் குடியானவரும் கூசத்தான் செய்வார்.)

இந்த அளவுகோல் இன்றைய மலையாளி இளைஞருக்கு இடைஞ்சலாகிறது. பேண்ட், சட்டை அணிந்து, தெளிவான தமிழ் பேசி, பெயருக்குப் பின் 'கவுண்டர்' பட்டமும் கொண்ட ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் பழங்குடியினர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லையெனில் கல்லூரி இடமும் அரசு வேலையும் கைநழுவும்.

1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் முறையை வகுத்தது. பழங்குடிப் பண்புகளோடு விண்ணப்பதாரர் பொருந்துகிறாரா என்று பார்க்கும் சோதனை அதில் இடம்பெற்றது. அச்சோதனை ஒன்றையே இறுதி முடிவாகக் கொள்ளக்கூடாது என்று 2023 மார்ச்சில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு. பள்ளிக்கூடத்தையே பார்க்காத முன்னோரின் பேரப்பிள்ளைகள் அத்தகைய ஏட்டைத் தேடி எங்கே போவது என்பதுதான் மலையில் எஞ்சியிருக்கும் சிக்கல்.